இறந்தோரின் நிலமும் இருப்போரின் கடனும்: சிறு குடும்ப இடுகாடுகளின் மரபுரிமைப் பெறுமானம் பற்றிய ஒரு நோக்கு

மரபுரிமை என்னும் சொல் பெரும்பாலும் பெரியவற்றையே மனக்கண்முன் நிறுத்துகின்றது. கோயில், கோட்டை, அரண்மனை, அரசனின் சாசனம் ஆகியன பேணத்தக்கவை என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆயின், நாட்டுப்புறத்தில் ஒரு வயலின் எல்லையிலோ மேட்டின் உச்சியிலோ, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பத்திருபது பேர் அடக்கம் செய்யப்பட்ட சிறு இடுகாடொன்று அவ்வரிசையில் வைத்து எண்ணப்படுவது அரிது. அங்கு துயில்வோரின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இல்லை. அங்குள்ள கற்களில் சிற்பநயம் இல்லை. பல கற்களில் எழுத்துத்தானும் இல்லை. அத்தகைய நிலத்தைப் பேணுதல் வேண்டுமா, வேண்டுமாயின் யார் பேணுதல் வேண்டும் என்னும் வினா, முதல் நோக்கில் தொல்லியலாளருக்கும் நில அளவையாளருக்கும் உரியதாகத் தோன்றலாம். சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து அஃது ஓர் அறவினாவாதல் புலப்படும். இறந்தோருக்கு இருப்போர்மீது ஏதேனும் உரிமை உண்டா? உண்டெனின், அவ்வுரிமை புகழ்பெற்றோருக்கு மட்டும் உரியதா? இவ்விரு வினாக்களுமே இப்பொருளின் கருவாக அமைகின்றன.

இவற்றை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்கள் தக்கதொரு களமாகும். அங்கு குடியேறிய ஐரோப்பியர் பண்ணை நிலங்களில் ஒருவருக்கொருவர் சேய்மையில் வாழ்ந்தனர். தேவாலயமும் அதனை அடுத்த சேமக்காலையும் பல வேளைகளில் தொலைவில் இருந்தன, பாதைகளோ கரடுமுரடானவை. ஆதலால் இறந்தோரைத் தத்தம் நிலத்திலேயே அடக்கம் செய்யும் வழக்கம் வேரூன்றியது. உழவுக்கு உதவாத சிறு மேடொன்று அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டது. உயிர்த்தெழும் நாளில் உதிக்கும் ஞாயிற்றை நோக்கி எழுவர் என்னும் நம்பிக்கையால், கால்கள் கிழக்கே அமையுமாறு உடல்கள் கிடத்தப்பட்டன. பொருள் வசதியுடையோர் செதுக்கிய கல்லை நாட்டினர். ஏனையோர் வயலிற் கிடைத்த கல்லொன்றைத் தலைமாட்டில் நட்டனர். நித்தியகல்யாணிச் செடிக்கு உறவானதும் என்றும் பசுமையானதுமான வின்கா என்னும் படர்செடி புதைகுழிகளின்மேல் நடப்பட்டது. நிலம் கைமாறிக் குடும்பம் வேற்றூர் சென்று வேலியும் இற்றுப்போன பின்னரும், இலையுதிர்ந்த காட்டினூடே இச்செடி படர்ந்த பசுந்திட்டுகளைக் கண்டே மறைந்துபோன இடுகாடுகளை ஆய்வாளர் இனங்காண்பதுண்டு.

இத்தகைய இடுகாட்டைச் சட்டம் எவ்வாறு நோக்குகின்றது? ஐக்கிய அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தேசிய வரலாற்றுப் பேணற் சட்டத்தின் வழியே, பேணத்தக்க வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேடு வளர்ச்சி பெற்றது. இப்பதிவேட்டின் நியமங்களின்படி இடுகாடு பொதுவாகப் பதிவுக்குத் தகுதியற்றது. மிக உயர்ந்த முக்கியத்துவமுடையோர் அங்கு அடக்கம் செய்யப்பட்டிருத்தல், மிகுந்த பழைமை, தனிச்சிறப்பான அமைப்பு, வரலாற்று நிகழ்ச்சியோடு தொடர்பு ஆகியவற்றுள் ஒன்று இருப்பின் மட்டுமே அதற்கு விலக்களிக்கப்படும். இந்நியமத்தில் நியாயம் இல்லையெனக் கூறுதல் இயலாது. மனிதர் வாழ்ந்த இடமெங்கும் மனிதர் இறந்துமுள்ளனர். ஒவ்வொரு புதைகுழியும் தீண்டத்தகாத மரபுரிமையெனின், உழுவதற்கும் வீடு கட்டுவதற்கும் நிலம் எஞ்சாது. எனினும் இந்நியமத்தின் உட்கிடை யாதென்பது சிந்திக்கத்தக்கது. இடுகாட்டுக்குத் தனக்கெனப் பெறுமானம் இல்லை. புகழிலிருந்தோ பழைமையிலிருந்தோ கலையிலிருந்தோ அது தன் பெறுமானத்தைக் கடன் வாங்குதல் வேண்டும் என்பதே அது. சாதாரண உழவனின் குடும்ப இடுகாடு இக்கடனை எவரிடமிருந்து பெறும்?

இறந்தோரின் உரிமை பற்றிய தத்துவ விவாதம் மிகப் பழையது. மரணம் வந்தபோது மனிதன் இல்லை, மனிதன் உள்ளபோது மரணம் இல்லை என்னும் கருத்துப்பட வாதித்த எபிகூரசின் வழிநின்றால், இறந்தவனுக்கு நன்மையோ தீமையோ செய்தல் எவராலும் இயலாது. அரிஸ்ரோட்டிலோ, வழித்தோன்றல்களின் உயர்வு தாழ்வுகள் இறந்தவரைச் சிறிதளவேனும் தொடக்கூடுமா என்ற வினாவை எழுப்பி, அதனை முற்றாகப் புறந்தள்ளத் தயங்கினார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விவாதம் அரசியல் வடிவம் பெற்றது. தோமஸ் ஜெபர்சன் 1789ஆம் ஆண்டு பாரிசிலிருந்து ஜேம்ஸ் மடிசனுக்கு எழுதிய கடிதத்தில், புவியின் பயன்பாடு வாழ்வோர்க்கே உரியது என்றும், இறந்தோர்க்கு அதன்மீது அதிகாரமோ உரிமையோ இல்லை என்றும் வாதித்தார். ஒரு தலைமுறையின் கடனையும் சட்டத்தையும் அடுத்த தலைமுறையின் தோளில் ஏற்றலாகாது என்பது அவரது நோக்கம். மறு ஆண்டில் எட்மண்ட் பேர்க், பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதிய நூலில், சமுதாயம் என்பது வாழ்வோர், மறைந்தோர், இனிப் பிறக்கவிருப்போர் ஆகிய மூவகையினருக்கும் இடையிலான கூட்டுறவு என்னும் எதிர்க்கருத்தை முன்வைத்தார்.

ஜெபர்சனின் கருத்தை ஏற்பின், குடும்ப இடுகாடு வாழ்வோர் விரும்பும்வரை இருந்து, விரும்பாதபோது அழியவேண்டிய வெறும் நிலமாகும். ஆயின் அவரது வாழ்க்கையே இக்கருத்துக்கு வேறொரு விளக்கம் தருகின்றது. வேர்ஜினியாவில் மொன்ரிச்செலோ என்னும் அவரது மலையில், இளமைத் தோழரான டப்னி காரும் அவரும் ஓர் ஓக் மரத்தடியில் அமர்ந்து கற்பது வழக்கம். அவர்களுள் முதலில் இறப்பவரை எஞ்சியவர் அம்மரத்தடியிலேயே அடக்கம் செய்தல் வேண்டும் என இருவரும் உடன்பட்டிருந்தனர். ஜெபர்சனின் தங்கையை மணந்திருந்த கார் 1773ஆம் ஆண்டு இறந்து வேறோரிடத்தில் புதைக்கப்பட்டார். ஜெபர்சன் அவ்வுடலை அங்கிருந்து எடுப்பித்து மொன்ரிச்செலோவுக்குக் கொணர்ந்தார். அக்குடும்ப இடுகாடு இவ்வாறே தொடங்கியது. 1826ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் இறந்த ஜெபர்சனும் அங்கேயே அடக்கமானார். தமது கல்லின் வடிவத்தையும் அதிற் பொறிக்கவேண்டிய செய்திகளையும் அவர் முன்னரே எழுதிவைத்திருந்தார். சுதந்திரப் பிரகடனம், வேர்ஜினியாவின் சமயச் சுதந்திரச் சட்டம், வேர்ஜினியாப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றையே அதிற் குறித்தார்; தாம் நாட்டின் சனாதிபதியாக இருந்ததைக் குறிக்கவில்லை.

இறந்தோர்க்கு உரிமை இல்லை எனக் கூறியவர் இறந்த தோழனுக்காக ஏன் இவ்வளவு செய்தல் வேண்டும்? இதனை முரண்பாடெனக் கூறி ஒதுக்குதல் எளிது. ஆயின் உரிமைக்கும் கடமைக்கும் உள்ள வேறுபாட்டை உணரின் முரண்பாடு பெருமளவு நீங்கும். தன் உடலை இங்கே கொணர்க எனக் கேட்கும் ஆற்றல் காருக்கு இல்லை. எனினும் அளித்த வாக்கு, வாக்குப் பெற்றவர் இறந்தமையால் ஒழிவதில்லை. மாறாக, தட்டிக்கேட்க ஆளில்லாதபோதே வாக்கின் தரம் வெளிப்படுகின்றது. கடனைத் திருப்பிக் கேட்கக்கூடியவனுக்குக் கொடுப்பதில் அச்சமும் கலந்திருக்கலாம். கேட்க இயலாதவனுக்குக் கொடுப்பதில் அறம் ஒன்றே எஞ்சும். சிறு குடும்ப இடுகாடு இத்தகைய கடனின் வடிவமாகும். அதன் முதற் பெறுமானம் கல்லிலோ பழைமையிலோ இல்லை. கைம்மாறு கருதாத ஒரு கடமை அங்கு தலைமுறைதோறும் நிறைவேற்றப்பட்டமையிலேயே உள்ளது.

எனினும் இவ்விடத்தில் நின்றுவிடின் ஆய்வு அரைகுறையாகவே முடியும். குடும்ப இடுகாடு அன்பின் நிலமாதல் போன்றே விலக்கலின் நிலமாகவும் இருத்தல் கூடும். குடும்பத்தவர் யார், குடும்பத்தவர் அல்லர் யார் என்னும் தீர்ப்பு அதன் வேலியில் எழுதப்பட்டிருக்கும். மொன்ரிச்செலோவே இதற்கும் சான்றாகும். ஜெபர்சன் தமது வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். அவர் கடனாளியாக இறந்தபின், 1827ஆம் ஆண்டு சனவரியில் மொன்ரிச்செலோவின் அடிமைகள் 130 பேர் ஏலத்துக்கு அறிவிக்கப்பட்டனர். 1831ஆம் ஆண்டு மாளிகையும் விற்கப்பட்டது. ஆயின் குடும்பத்தினர் இடுகாட்டை மட்டும் விற்காது தம்மிடமே வைத்துக்கொண்டனர். 1913ஆம் ஆண்டு வழித்தோன்றல்கள் அமைத்த சங்கமொன்று அதனைப் பேணி வருகின்றது. ஒரு சாரார் வீட்டை இழந்தும் தம் இறந்தோரின் நிலத்தைக் காத்துக்கொண்டனர். மறு சாராரோ தாமே விற்கப்பட்டுச் சிதறியமையால், தம் இறந்தோரின் அருகே நிற்கும் வாய்ப்பையும் இழந்தனர்.

அவ்விழப்பின் அளவு 2001ஆம் ஆண்டிலேயே ஓரளவேனும் புலப்பட்டது. மாளிகைக்குத் தெற்கே, பார்வையாளரின் வாகனத் தரிப்பிடத்தை அடுத்த மரச்சோலையில் நடத்தப்பெற்ற தொல்லியல் ஆய்வு, அடிமைகளின் இடுகாடு அதுவே என உறுதிசெய்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட புதைகுழிகள் அங்கு உள்ளன. பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. ஆண்டுதோறும் பெருந்தொகையினர் ஜெபர்சனின் கல்லறையைக் காண வந்து, தம் வாகனங்களை நிறுத்திய இடத்தின் அருகிலேயே வேறு சிலரும் துயில்கின்றனர் என்பதை அறியாது சென்றனர்.

வேலியின் தீர்ப்பு இன்னொரு வடிவிலும் தொடர்ந்தது. ஜெபர்சனின் அடிமையாயிருந்த சாலி ஹெமிங்சின் பிள்ளைகளுக்கு ஜெபர்சனே தந்தை என்னும் செய்தி அவர் காலத்திலேயே வழங்கியது. 1998ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு, ஹெமிங்சின் மகனொருவரின் வழித்தோன்றலுக்கும் ஜெபர்சனின் தந்தைவழிக்கும் தொடர்பு உண்டெனக் காட்டியது. மொன்ரிச்செலோவை நிருவகிக்கும் அறக்கட்டளை 2000ஆம் ஆண்டில் அவ்வுறவுக்கு உயர்ந்த நிகழ்தகவு உண்டென ஏற்றது. 2018இல் அதனை முடிந்த செய்தியாகவே அறிவித்தது. எனினும் இடுகாட்டுக்கு உரிய வழித்தோன்றல் சங்கம், ஹெமிங்சின் வழிவந்தோரை உறுப்பினராக ஏற்க 2002ஆம் ஆண்டு மறுத்தது. அங்கு அடக்கம் பெறும் உரிமை உறுப்புரிமையோடு இணைந்தது. 1835ஆம் ஆண்டு இறந்த சாலி ஹெமிங்சின் புதைகுழி எங்கே என்பது அறியப்படவில்லை. சிறு நிலத்துண்டொன்றிற் கிடக்கும் உரிமை பற்றி இக்காலத்தவர் இத்துணைக் கடுமையாக வாதிடுதல், அந்நிலம் வெறும் நிலமன்று என்பதற்குச் சான்றாகும்.

இவ்விரு இடுகாடுகளையும் ஒப்புநோக்கின் பதிவேட்டு நியமத்தின் குறை தெளிவாகும். ஜெபர்சனின் கல் அழிந்தாலும் ஜெபர்சன் அழியார். அவர் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ 19,000. அவர் கட்டிய மாளிகையும் நிறுவிய பல்கலைக்கழகமும் நிலைத்துள்ளன. உண்மையில் அவரது முதற் கல்லை நினைவுப்பொருளுக்காக வந்தோர் சிறிது சிறிதாக உடைத்துச் சென்றமையால், 1883ஆம் ஆண்டு அதனிடத்தில் வேறொரு கல் நாட்டப்பட்டது. அதனால் அவர் புகழ் குன்றவில்லை. அடிமைகளின் நிலை வேறு. அவர்களுட் பலரின் பெயர்களும் எழுத்தில் உள்ளன. ஆயின் எங்கே? ஜெபர்சனின் பண்ணைக் குறிப்பேட்டில், போர்வையும் துணியும் பங்கிட்ட கணக்கினிடையே உள்ளன. அங்கு அவர்கள் உடைமைகள். இடுகாட்டிலோ அவர்கள் தாயும் தந்தையும் குழந்தையுமாவர். ஏனெனில் அங்கு அவர்களைக் கிடத்தியவர்கள் அவர்களை உறவினராகவே கருதினர். எசமானின் ஏடு மறுத்த மனிதத்தன்மைக்கு அவர்களின் உற்றாரே விட்டுச்சென்ற சாட்சி அந்நிலம். ஆகவே, எவருக்கு ஏனைய நினைவுச் சின்னங்கள் குறைவோ அவரது புதைகுழிக்கே மரபுரிமைப் பெறுமானம் மிகுதி எனல் வேண்டும். புகழ் பெறுமானத்தைக் கூட்டும் என்னும் அளவுகோல் ஈண்டு தலைகீழாகின்றது.

நினைவுக்கு நிலம் இன்றியமையாததா என்னும் தடை இவ்விடத்தில் எழலாம். தகனம் செய்து சாம்பலை நீரிற் கரைக்கும் சைவத் தமிழ் மரபில் புதைகுழி இல்லை. எனினும் திதியும் ஆண்டு நினைவும் தவறுவதில்லை. இல்வாழ்வானின் கடமைகளை வரிசைப்படுத்திய வள்ளுவர் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். கடமை நாளிலும் நிறைவேறலாம், நிலத்திலும் நிறைவேறலாம் என்பது உண்மையே. ஆயின் நாளைக் காப்பதற்கு வழிவந்தோர் வேண்டும். அவர்கள் அற்றுப்போயின் நாளும் அற்றுப்போகும். நிலமோ வழிவந்தோர் சிதறிய பின்னரும் அயலானை நோக்கிப் பேசவல்லது. தொல்காப்பியம் கூறும் நடுகல் மரபு இதனை உணர்ந்ததாகும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுள் ஒன்று ஆகோட் பூசலில் மடிந்த ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. அவன் அரசனல்லன், எனினும் தமிழ் எழுத்தின் தொன்மை பற்றிய ஆய்வில் இன்று அக்கல் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. 1980ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் ஒரு பெருங்கற்கால ஈமக்குழியிலிருந்து கிடைத்த முத்திரையும் அத்தகையதே. புதைத்தோர் வரலாற்றுக்காகப் புதைக்கவில்லை, உறவுக்காகவே புதைத்தனர். வரலாறு பின்னர் வந்து அதனாற் பயன்பெற்றது.

உறவின் கடமை பொதுநலத்தோடு மோதும்போது யாது செய்தல் வேண்டும் என்பது அடுத்த வினா. இரண்டாம் உலகப் போரின்போது வட கரோலினாவின் மலைப்பகுதியில் மின்னுற்பத்திக்காகப் பொன்ரானா அணை கட்டப்பட்டது. மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். நீரில் மூழ்கவிருந்த புதைகுழிகள் இடம்பெயர்க்கப்பட்டன; மேட்டிலிருந்த சிறு இடுகாடுகள் அவ்விடத்திலேயே விடப்பட்டன. ஆயின் அவற்றுக்குச் செல்லும் பாதை நீரில் மூழ்கியது. போரின் பின் புதிய பாதை அமைத்துத் தருவதாக 1943ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்யப்பட்டது. பாதை சில மைல் தூரம் அமைக்கப்பட்டு, ஒரு சுரங்கவழியோடு நின்றுபோயிற்று. காட்டின் தூய்மை கெடும் என்பதும், உடைக்கப்படும் பாறையிலிருந்து அமிலம் கசிந்து நீரோடைகளைக் கெடுக்கும் என்பதும் அதற்குத் தடைகளாயின. இறுதியில் 2010ஆம் ஆண்டு, பாதைக்கு ஈடாக 52 மில்லியன் டொலர் வழங்க மத்திய அரசு உடன்பட்டது. இதற்கிடையே அக்குடும்பங்களின் வழிவந்தோர் கோடைகாலத்தில் படகேறி ஏரியைக் கடந்து, மலையேறிச் சென்று, புதைகுழிகளைத் துப்புரவு செய்து, மண்ணைக் குவித்து, மலர் சூட்டி, பாட்டிசைத்து, கொண்டுசென்ற உணவை அங்கேயே பகிர்ந்துண்டு மீளும் வழக்கத்தைக் கைவிடவில்லை. பூங்காவின் நிருவாகமே அவர்களுக்குப் படகு உதவியது.

இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படும். பொதுநலத்தின் முன் இடுகாடு எப்போதும் வெல்லுதல் வேண்டும் என்பது நியாயமாகாது. அணையும் தேவை, காடும் தேவை. ஆயின் பொதுநலத்தின் பெயரால் பெறப்பட்ட நிலத்துக்கு ஈடாக அளித்த வாக்கு, அதனைப் பெற்றவர் எளியர் என்பதனாலோ முதியோராகி மறைந்தனர் என்பதனாலோ இலேசாகிவிடாது. இஃது ஓக் மரத்தடியில் அளித்த வாக்கின் இயல்பையே உடையது. இரண்டாவது, மரபுரிமை கல்லில் மட்டும் உறைவதன்று. ஆண்டுதோறும் படகேறிச் செல்வோரின் செயலிலேயே அது உயிர்வாழ்கின்றது. நாடுவோரற்ற இடுகாட்டுக்குப் பொன்வேலி இட்டாலும் அது காட்சிப்பொருளே.

வழிவந்தோரும் இல்லாதபோது அக்கடன் யாரைச் சேரும்? அங்கே குடும்பக் கடன் சமுதாயக் கடனாக மாறுதல் வேண்டும். அமெரிக்கச் சட்டங்கள் சில இத்திசையில் நகர்ந்துள்ளன. தனியார் நிலத்திலுள்ள இடுகாட்டுக்கு வழித்தோன்றல்கள் சென்றுவரும் உரிமையை வேர்ஜினியாச் சட்டம் காக்கின்றது. உள்நாட்டுப் போரில் தென்பக்கம் நின்று மடிந்த போர்வீரரின் புதைகுழிகளைப் பேண அம்மாநிலம் நீண்டகாலமாக நிதி அளித்து வந்தது. 2017ஆம் ஆண்டிலேயே கறுப்பின மக்களின் பழைய இடுகாடுகளுக்கும் அத்தகைய உதவி சட்டமாயிற்று. 2022ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய அரசும் ஆபிரிக்க அமெரிக்கரின் இடுகாடுகளை இனங்கண்டு பேணுதற்கான சட்டம் ஒன்றை இயற்றியது. காலந்தாழ்ந்தாயினும், புகழ் என்னும் அளவுகோலுக்குப் பதிலாக நீதி என்னும் அளவுகோல் சிறிது இடம்பெறத் தொடங்கியமை இதனாற் புலனாகும்.

இக்கடனின் எல்லையையும் வரையறுத்தல் நன்று. ஒவ்வொரு புதைகுழியையும் என்றென்றும் செப்பனிட்டு வைத்தல் எச்சமுதாயத்துக்கும் இயலாது. கற்கள் சாயும், எழுத்து மங்கும், காடு படரும். இயற்கை அழிப்பதைத் தடுத்தல் கடமையன்று; மனிதன் அறிந்தும் மறைப்பதைத் தடுத்தலே கடமை. புதைகுழி உள்ள நிலம் கைமாறும்போது அதனை ஏட்டிற் பதிதல், எஞ்சிய பெயர்களை எழுதிவைத்தல், தேடி வருவோர்க்கு வழிவிடுதல், இடம்பெயர்த்தல் தவிர்க்கவொண்ணாததாயின் உற்றாரை அழைத்து மரியாதையோடு செய்தல் ஆகியன எந்த நாட்டுக்கும் சுமையாகா. இவற்றைச் செய்யாது விடுவதற்குச் செலவு காரணமாதல் அரிது. கிடப்போர் எளியர் என்னும் எண்ணமே பெரும்பாலும் காரணமாகின்றது.

வாழ்வோர்க்கே புவி உரியது என்னும் ஜெபர்சனின் கூற்று ஒருவகையில் உண்மையே. இறந்தோர் புவியை ஆள்வதற்கில்லை. ஆயின் வாழ்வோர் அனைவரும் இறந்தோராகவிருப்பவர்களே. தம்மைத் தட்டிக்கேட்க இயலாதவர்க்கு இன்று எதைச் செய்கின்றனரோ, தாம் கேட்க இயலாத நாளில் தமக்கும் அதையே எதிர்பார்த்தல் கூடும். மொன்ரிச்செலோவில் ஒரு மேட்டில் வேலியிட்ட கல்லும், அதே மலையில் வாகனத் தரிப்பிடத்தின் அருகே கல்லற்ற மண்ணும் உள்ளன. ஒரு சமுதாயத்தின் நினைவாற்றலை அளக்க முதலாவது போதும். அதன் அறத்தை அளக்க இரண்டாவதையே நோக்குதல் வேண்டும்.